நூறு கோழிக்கு ஒரு குப்பி

முதல் பக்கம். ஜனவரி 30, வெள்ளி

(பிள்ளையார் சுழி போட்டுவிட்டுக் காலியாக விட்ட பக்கம். வீணாகப் போவானேன் என்று கடைசியில் வந்து இங்கே எழுதுகிறேன்.)

இவ்வளவும் நடக்கும் என்று நான் முன்னாடியே சொன்னேன். உறைபனி விழும் என்றேன், விழுந்தது. கோழிகளுக்கு ஒரு கண்டம் இருக்கிறது என்றேன், இருந்தது. விசாலம் இந்த மலையில் நிலைக்க மாட்டாள் என்றேன், இறங்கிப் போய்விட்டாள். யாரிடம் சொன்னேன் என்று கேட்டால் சட்டென்று பெயர் வராது. ஆனால் சொன்னேன். என் வாய்க்கு அப்படி ஒரு ராசி.

நான் எட்டாம் வகுப்பு வரைக்கும் படித்தவன். அதிலும் எட்டாவதை இரண்டு தடவை படித்ததால் ஒன்பது என்றே வைத்துக்கொள்ளலாம். பின்னால் யாராவது அச்சுப் போட்டால், எழுதியவர் குப்புராசு, கோத்தகிரி மலை, கோழி நிபுணர் என்று போடவும்.

டிசம்பர் 5, வெள்ளி

காலையில் கோழிகளுக்கு வைத்த தண்ணீர்ச் சட்டியில் ஐஸ். விரல் கனம் இருக்கும். குழுவில் சொல்லும்போது முழங்கை அளவு என்று சொன்னேன். கேட்கிறவர்களுக்கும் ஒரு திருப்தி வேண்டாமா?

தேயிலைக் கொழுந்தெல்லாம் வெந்த கீரை மாதிரி கறுத்துக் கிடக்கிறது. சேவலின் கொண்டை நுனியும் கறுத்துவிட்டது. தேங்காய் எண்ணெய் தடவலாம் என்று பார்த்தால் பாட்டிலோடு கட்டியாகக் கிடந்தது. உருக்கித் தடவினேன். கூண்டுக்குச் சாக்குப் படுதா கட்டினேன். முட்டை நின்று பத்து நாளாகிறது.

எங்கள் குழுவைப் பற்றி எழுதிவிடுகிறேன். இந்த எஸ்டேட் லைன் வீடுகளில் கொல்லையில் கோழி வைத்திருப்பது ஒன்பது வீடு. வாட்ஸாப்பில் எல்லோரும் ஒரு குழு. தலைவர் ஆறுச்சாமி அண்ணன், எஸ்டேட் லாரி ஓட்டி ஓய்வு பெற்றவர். சம்சாரம் போய்ச் சேர்ந்து மூன்று வருஷம். முப்பது கோழிக்கு மேல் வைத்திருக்கிறார், ஆனால் முட்டி வலியால் குனிய முடியாது. அதனால்தான் விசாலத்துக்குப் பின்கட்டு அறையை விட்டார்.

விசாலம் போன சித்திரையில் மேட்டுப்பாளையம் பஸ்ஸில் வந்து இறங்கியவள். ஒரு கட்டைப்பையில் கறுப்புப் பெட்டைக்கோழி, இடது கையில் மாவுக்கட்டு. கட்டு எப்படி வந்தது என்று நான் கேட்டேன். "புருஷன்கிட்ட ஒரு வார்த்தை கூடப் பேசிட்டேன் மாமா" என்றாள், ஏதோ தடுக்கி விழுந்த மாதிரி. அண்ணன் கோழியைப் பார்த்துக்கொள்கிறாள், அதற்கு அறை. வேறு யாரும் அவளுக்கு வீடு தரவில்லை. கேட்டுப் பார்த்தாள். புருஷனை விட்டு வந்தவளுக்கு யார் கொடுப்பார்கள்? கோழி இருக்கும் வரை அறை. அறை போனால் கீழே புருஷன் தண்டபாணி இருக்கிறான்.

டிசம்பர் 6, சனி

இன்றும் ஐஸ். இன்று தொடை அளவு.

டிசம்பர் 9, செவ்வாய்

விடிகாலையில் அண்ணன் வீட்டுக் கூண்டை ஒரு காட்டுப்பூனை பிராண்டியிருக்கிறது. விசாலம் கரண்டியோடு ஓடி வந்து துரத்தினாளாம். நான் சத்தம் கேட்டு எழுந்து ஜன்னல் வழியாகப் பார்த்தேன். வால் தெரிந்தது. நீள வால்.

குழுவில் நான் வாய்ஸ் போட்டேன். சிறுத்தை என்றேன். நான் டார்ச்சை அடித்துக் கண்ணுக்குக் கண் பார்த்ததும் அது தலையைக் கவிழ்த்துக்கொண்டு போய்விட்டது என்றேன். நல்ல வாய்ஸ், மூன்று நிமிஷம். ஸ்டெல்லா டீச்சர் உடனே கும்பிடு போட்டார். (ஸ்டெல்லா டீச்சர் எட்டாம் நம்பர் வீடு. கோழிக்கு ஸ்வெட்டர் பின்னிப் போட்டுப் படம் எடுத்து அனுப்புகிறவர்.)

அப்புறம் விசாலம் ஒரு வாய்ஸ் போட்டாள்.

"மாமா, அந்தச் சிறுத்தை கரண்டியக் கண்டு மியாவ்னு கத்திட்டு ஓடுச்சுங்க. நாளைக்கு வந்தா பாலு ஊத்தட்டுமா, கருவாடு போடட்டுமா?"

எல்லோரும் சிரிப்புப் பொம்மை போட்டார்கள். ஆறுச்சாமி அண்ணன் பதினொரு பொம்மை போட்டார். ஒன்று இரண்டோடு நிறுத்தியிருக்கலாம். நானும் ஒன்று போட்டேன். எனக்கு இதெல்லாம் ஒரு பொருட்டே இல்லை.

ரங்கம்மா காதில் விழுந்துவிட்டது. தோசை ஊற்றும்போது, "கருவாடு வெக்கட்டுங்களா?" என்று கேட்டாள். கட்டின பெண்டாட்டி.

டிசம்பர் 14, ஞாயிறு

குழுவில் ஞாயிற்றுக்கிழமை சொந்தச் சேதி சொல்லும் வழக்கம். கோழிச் சேதி மற்ற நாளெல்லாம்.

ஸ்டெல்லா டீச்சருக்குக் கண்ணில் புரை ஆபரேஷன், நல்லபடி. நான் என் மகன் சேதியைச் சொன்னேன்: ஆறுச்சாமி அண்ணன் மச்சினன் பெண்ணைக் கேட்டிருக்கிறோம், ஜாதகம் பொருந்திவிட்டது, தையில் உறுதி. பெண் வீட்டார் தேடி வந்து கெஞ்சினார்கள் என்றும் சொன்னேன். அண்ணன் வாய்ஸில் இருமினார். கெஞ்சவில்லைதான். ஆனால் மறுக்கவும் இல்லையே.

விசாலம் சேதி: தண்டபாணி போன் செய்தானாம். தையில் ஆள் கூட்டி வந்து அழைத்துப் போவேன் என்றானாம். பிறகு அண்ணன் வாய்ஸ்:

"வரட்டும் அம்மிணி. எங்கூட்டுக் கோழிக்கு ஆளு வேணும்னு சொல்லிப் போடறேன். கோழி இருக்கற வரைக்கும் நீ இங்கதான். என்னைத் தாண்டி எவனும் அந்த ரூமுக்குள்ள கால வெக்க முடியாது."

விசாலம் பதிலுக்கு ஒரு கோழிக்குஞ்சுப் படம் போட்டாள். வேறொன்றும் இல்லை. இவ்வளவு பேச்சுப் பேசுகிறவளுக்கு அன்று வாய் வரவில்லை.

டிசம்பர் 17, புதன்

இன்று குப்பி நாள். கொஞ்சம் விரிவாக எழுத வேண்டும், ஏனென்றால் நாயகன் நான்.

பனிக்காலம் முடியும்போது கோழிகளுக்கு வெள்ளைக் கழிச்சல் நோய் வரும். வந்தால் கூண்டோடு போகும். அதற்குக் கண்ணில் ஒரு சொட்டு மருந்து. மருந்து ஒரு சின்னக் குப்பியில் வரும், நூறு கோழிக்கு ஒரு குப்பி. உடைத்தால் அன்றைக்கே முடிக்க வேண்டும், மீதி வைக்க முடியாது. நாலு கோழி வைத்திருப்பவன் தனியாக என்ன செய்வான்? அதனால் ஒன்பது வீடும் சேர்ந்து ஒரே குப்பி வாங்கி, ஒரே சாயங்காலம், அண்ணன் கொல்லையில் கோழிகளைத் தூக்கி வந்து போட்டுக்கொள்வோம். யாராவது ஒருவர் போய் வாங்கி வருவது முறை. இந்த வருஷம் நான்.

கால்நடை ஆஸ்பத்திரியில் கம்பவுண்டர் ஒரு சின்னப் பையன், கீழே சமவெளிக்காரன். பிளாஸ்க் நிறைய ஐஸ் போட்டு அதற்குள் குப்பியைச் செருகிக் கொடுத்தான்.

"ஐஸ் கரையறதுக்குள்ள ஊர் போய்ச் சேருங்க ஐயா. வழியில எங்கயும் நிக்காதீங்க. சூடு பட்டா இது பச்சத்தண்ணிதான்."

எனக்குச் சிரிப்பு வந்தது. நாங்கள் ஐஸிலேயே குடித்தனம் நடத்துகிறவர்கள். குளிரில் நடுங்குகிற மருந்துக்கு இன்னும் ஐஸா? மனுஷனுக்கே ஒத்துக்கொள்ளாதது கோழிக் கண்ணுக்கு ஒத்துக்கொள்ளுமா? பஸ் ஸ்டாண்டில் ஐஸைக் கொட்டிவிட்டேன். குப்பியைப் பனியனுக்குள், தொப்புளுக்குப் பக்கமாகச் செருகிக்கொண்டேன், அடைக்கோழி முட்டையைக் காக்கிற மாதிரி. பிளாஸ்க் காலியாக இருந்ததால் என் சித்தப்பா மகன் டீக்கடையில் டீ நிரப்பிக்கொண்டேன். அங்கே நாலு பேர் சிறுத்தைக் கதையைக் கேட்டார்கள். கேட்டால் சொல்லாமல் இருக்க முடியுமா? அடுப்போரம் உட்கார்ந்து சொன்னேன். இரண்டு பஸ் போய்விட்டது. அங்கே போகும்போது சிறுத்தை ஒன்று, கிளம்பும்போது ஜோடி.

வீட்டுக்கு வந்ததும் சாயங்காலம் வரைக்கும் குப்பியை அடுப்பு மேடையில் வைத்தேன். ரங்கம்மா பார்த்துவிட்டாள்.

"ஏனுங்க, இத ஐஸ்லதான வெப்பாங்க? போன வருஷம் அண்ணன் ஐஸ்லதான கொண்டாந்தாரு?"

"அண்ணனுக்கு லாரி ஓட்டத் தெரியும். மருந்து தெரியுமா?"

அவள் அரிசி களையப் போனாள்.

சாயங்காலம் அண்ணன் கொல்லையில் திருவிழா மாதிரி. கூடையிலும் சாக்கிலும் கோழி. விசாலம்தான் பிடித்துக் கொடுத்தாள், நான் சொட்டு விட்டேன். ஒரு கோழிக்கு ஒரு சொட்டு, அது கண்ணை மூடித் திறக்கும் வரை பிடிக்க வேண்டும். மருந்து வெதுவெதுப்பாக இருந்ததால் ஒரு கோழிகூடத் துள்ளவில்லை. "மாமா கை ராசி" என்று டீச்சர் சொன்னார். விசாலமும் சொன்னாள்: "இன்னிக்கு நெசமாவே மாமா கெட்டிக்காரரு." அவள் வாயிலிருந்து வந்த ஒரே நல்ல வார்த்தை. அண்ணன், "கம்பவுண்டர் என்ன சொன்னாரு?" என்று கேட்டார். "உங்கள மாதிரி ஆள் இருந்தா எங்களுக்கு என்ன வேலைன்னு கேட்டாரு" என்றேன்.

டிசம்பர் 18, வியாழன்

மலையிலேயே முழுசாக மருந்து போட்ட கூட்டம் எங்களுடையதுதான். ஜில்லாவிலேயே என்று குழுவில் போட்டேன்.

டிசம்பர் 24, புதன்

இடுப்புப் பிடிப்பு. கம்பளிக்குள் இருந்தேன். ரங்கம்மா நொச்சி போட்டு ஒத்தடம் கொடுத்தாள். வேறு ஒன்றும் இல்லை.

டிசம்பர் 29, திங்கள்

அண்ணன் வீட்டில் இரண்டு கோழி தூங்கிக்கொண்டே நிற்கிறதாம். குளிர்தான் என்று குழுவில் சொன்னேன். மிளகும் இஞ்சியும் தட்டிக் கொடுக்கச் சொன்னேன்.

டிசம்பர் 31, புதன்

அந்த இரண்டும் போய்விட்டன. இன்னும் ஐந்து அதே மாதிரி நிற்கிறது. எச்சம் பச்சையும் வெள்ளையும். ஒன்றுக்குக் கழுத்து திருகிக்கொண்டு, வானத்தைப் பார்த்தபடி வட்டம் வட்டமாகச் சுற்றுகிறது. டீச்சர் அதை வீடியோ எடுத்துக் குழுவில் போட்டார். கோழி மேல் ரோஜாக் கலர் ஸ்வெட்டர்.

ஜனவரி 1, வியாழன்

எல்லோருக்கும் புத்தாண்டு வாழ்த்துச் சொன்னேன். பதிலுக்குச் செத்த கோழிப் படம்தான் வந்தது.

முழுசாகச் சாய்வதற்குள் அறுத்துவிடுவது சிலர் வழக்கம். நாங்கள் மூன்றை அறுத்தோம். ரங்கம்மா குழம்பு வைத்தாள், ஆனால் தொடவில்லை. நான் சாப்பிட்டேன். உப்பு கொஞ்சம் கூடுதல்.

ஜனவரி 4, ஞாயிறு

காலையில் ஆறுச்சாமி அண்ணன் வந்தார். கையில் சாக்கு. வாசலில் கொட்டினார். நான்கு கோழி, கால் விறைத்து, கண் திறந்தபடி.

"முப்பத்தி ரெண்டுல ஏழு மிச்சம் ராசு" என்றார். "மருந்து போட்ட கோழி சாவுமா?"

"சாவாதுங்கண்ணா."

"அப்பறம் இது என்ன?"

ரங்கம்மா டீ கொண்டுவந்தவள் அப்படியே நின்றாள். அண்ணன் என் முகத்தையே பார்த்தார்.

"ராசு, மறைக்காமச் சொல்லு. குப்பிய எப்படிக் கொண்டாந்த?"

"ஐஸ்லதாங்கண்ணா. பிளாஸ்க் நெறைய ஐஸ். கம்பவுண்டரே வெச்சுக் குடுத்தாரு."

இதில் பொய் ஒன்றும் இல்லை. வைத்துக் கொடுத்தான்தானே.

"அப்பறம் எப்படி வந்துச்சு?"

"வெளியில இருந்துதாங்கண்ணா வந்திருக்கோணும்."

"வெளியில இருந்து எது வந்துச்சு? எந்தக் கோழி வந்துச்சு?"

அண்ணன் விடுவதாக இல்லை. அடுப்பு மேடை அவருக்கு நேர் பின்னால். ரங்கம்மா அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இந்த மாதிரி நேரத்தில் சிலருக்கு வாய் உலர்ந்துவிடும். எனக்கு ஊறும்.

"நான் சொல்லக் கூடாதுன்னு இருந்தேன்" என்றேன். "போன புதனுக்கு முந்தின புதன், இருபத்திநாலாந்தேதி, சந்தையில விசாலத்தப் பாத்தேன். மூக்கு ஒழுகற கோழி ஒண்ணு, சாம்பல் கலரு, கால்ல செவப்புத் துணி. கெடச்ச வெலைக்குத் தள்ளிட்டிருந்தான் ஒருத்தன். அத முந்தானையில மறைச்சு வாங்கிட்டுப் போனா."

வெளியிலிருந்து எந்தக் கோழி வந்தாலும் குழுவில் சொல்லி, இரண்டு வாரம் தனியாகக் கட்டிவைக்க வேண்டும் என்பது எங்கள் சட்டம். அண்ணன் போட்ட சட்டம்.

அவர் சாக்கை மெதுவாக மடித்தார்.

"இருபத்திநாலு. அன்னைக்குப் பகலெல்லாம் அவ ரூமு பூட்டியிருந்துச்சு" என்றார். "கேட்டதுக்குக் கோயிலுக்குன்னு சொன்னா."

என் வாய் ராசியைப் பற்றி முன்பே எழுதியிருக்கிறேன்.

ஜனவரி 5, திங்கள்

அண்ணன் கொல்லையில் ஒன்பது வீடும் கூடினோம். போன தடவை கோழி இருந்தது.

விசாலம் ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். கடைசியில் என்னிடம் வந்தாள்.

"என்ன கலர் கோழிங்க மாமா?"

"சாம்பல்."

"கால்ல?"

"செவப்புத் துணி."

"செவப்புத் துணி வரைக்கும் பாத்திருக்கீங்க. சரி, அந்தக் கோழி எங்க?"

"செத்திருக்கும். பொதச்சிருப்பே."

யாரோ 'ஆமா' என்றார்கள். டீச்சராக இருக்கலாம். ஸ்வெட்டர் பின்னின கை, துக்கம் இருக்காதா?

விசாலம் அண்ணனிடம், தாழ்ந்த குரலில்:

"அன்னிக்குக் கோயிலுக்குப் போகலைங்கண்ணா. பொய்தான் சொன்னேன். மேட்டுப்பாளையம் போனேன். எம்புள்ள தர்ஷினி ரெண்டாவது படிக்கறா. லீவுக்கு முந்தி ஸ்கூல்ல ஆட்டம் பாட்டம்னு சொன்னாங்க. கேட்டுக்கு வெளிய நின்னு பாத்தேன். அவளுக்குத் தேவதை வேசம். அவரு காதுக்குப் போச்சுன்னா புள்ளைய ஸ்கூலுக்கு அனுப்ப மாட்டாரு. அதான் யார்கிட்டயும் சொல்லலை."

அண்ணன் முகம் இளகியது. நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். ஒரு நிமிஷம் விட்டிருந்தால் அவளை நம்பியிருப்பார், அப்புறம் பேச்சு மறுபடி குப்பிக்குத் திரும்பியிருக்கும்.

"சந்தை அந்த ரோட்டுலதான இருக்கு?" என்றேன்.

அவ்வளவுதான் சொன்னேன். சந்தை அந்த ரோட்டில்தான் இருக்கிறது. யார் வேண்டுமானாலும் போய்ப் பார்த்துக்கொள்ளலாம்.

அண்ணன் தன் காலைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "பொங்கல் கழியட்டும் அம்மிணி. அப்பறம் வேற எடம் பாத்துக்க."

"எந்த எடம்ங்கண்ணா?"

ஒவ்வொருவராகக் கலைந்தோம். வீட்டுக்கு வந்து போனைப் பார்த்தால், 'விசாலம் நீக்கப்பட்டார்' என்று குழுவில் ஒரு வரி. அதற்குக் கீழே டீச்சர் கும்பிடு போட்டிருந்தார்.

ஜனவரி 8, வியாழன்

அண்ணனிடம் மிச்சம் மூன்று. எனக்கு ஒன்றும் இல்லை. டீச்சருக்கு ஸ்வெட்டர் மட்டும்.

விசாலத்தின் கறுப்புப் பெட்டை இன்னும் நிற்கிறது. சாகவில்லை என்பதே அவள் மேல் இன்னொரு சந்தேகம். நான் கிளப்பவில்லை. கிளப்பியதை வழிமொழிந்தேன்.

ஜனவரி 10, சனி

நல்ல காரியம் ஒன்று செய்தேன். டீக்கடை வைத்திருக்கும் என் சித்தப்பா மகனுக்குத் தண்டபாணியைத் தெரியும். கடை வைப்பதற்கு முன் இரண்டு பேரும் மேட்டுப்பாளையத்தில் ஒரே ஸ்டாண்டில் வண்டி நிறுத்தியவர்கள். நம்பர் வாங்கிப் பேசினேன். பெண்பிள்ளை போக இடமில்லாமல் திண்டாடுகிறாள், வந்து கூட்டிப் போ, குடும்பம் ஒன்றாக இருக்க வேண்டும் என்று எடுத்துச் சொன்னேன். நன்றாகப் பேசினான். வாங்க போங்க என்றுதான் பேசினான். இவனைப் போய் அப்படிச் சொல்கிறார்களே என்றிருந்தது.

பிள்ளை மேல் அவளுக்கு இருக்கிற பாசத்தையும் சொன்னேன், ஸ்கூல் கேட்டில் நின்றதை. மனசு இளகட்டும் என்றுதான். எந்தத் தேதி என்று கேட்டான். பிறகு, "ரொம்ப உபகாரமுங்க" என்றான்.

ஜனவரி 12, திங்கள்

விசாலம் குழாயடியில் ரங்கம்மாவிடம் சொல்லியிருக்கிறாள்: தர்ஷினியை ஸ்கூலிலிருந்து நிறுத்திவிட்டானாம். வீட்டுக்குள் வைத்துப் பூட்டிவிட்டு வண்டிக்குப் போகிறானாம். அம்மா வந்தால்தான் கதவு திறக்கும் என்று பிள்ளையையே போனில் பேச வைத்தானாம்.

ரங்கம்மா வந்து இரண்டு குடத்தையும் இறக்கி வைத்தாள்.

"நான் போயிச் சொல்லிப்போடட்டுங்களா?"

"என்னத்த?"

"அடுப்பு மேடைய."

"சொல்லு. ஒம்போது வீடும் இங்க வந்து நிக்கும். அண்ணன் மச்சினன் பொண்ணு நம்ம வீட்டுப் படி ஏறுமா? ஒம்மவனுக்கு வயசு முப்பத்தி மூணு. அதையும் சேத்துச் சொல்லு."

ரங்கம்மா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டாள்.

"வாய மூடிக்கறேன். நானும் மூடிக்கிட்டேன்னு அந்த நோட்டுல எழுதி வெச்சுக்கோங்க."

எழுதிவிட்டேன்.

ஜனவரி 15, வியாழன்

பொங்கல். அண்ணன் மச்சினன் குடும்பத்தோடு வந்தார். தை இருபத்தெட்டில் நிச்சயம். பெண் கொஞ்சம் குள்ளம், ஆனால் குழுவில் ஐந்தரை அடி என்று போட்டேன். விருந்துக்குக் கடையிலிருந்து பிராய்லர் கோழி. இந்த மலையில் நாட்டுக்கோழிக் குழம்பு இல்லாத முதல் பொங்கல் என்று அண்ணன் சொன்னார். எல்லோரும் பின்கட்டுப் பக்கம் பார்த்தார்கள். கதவு சாத்தியிருந்தது. புகை மட்டும் வந்தது.

ஜனவரி 19, திங்கள்

தண்டபாணி வண்டியோடு வந்தான். நல்ல உயரம், மடிப்புக் கலையாத சட்டை. என் காலைத் தொட்டுக் கும்பிட்டான், எல்லோர் முன்னாலும். அண்ணனுக்குக் கும்பிடு மட்டும்தான்.

விசாலம் முன்பே கட்டைப்பையைத் தயாராக வைத்திருந்தாள். யாரும் இழுக்கவில்லை, யாரும் அடிக்கவில்லை. தானாகவேதான் நடந்து வந்தாள். இதைக் குறித்துவைப்பது முக்கியம், பின்னால் யாரும் வேறு மாதிரி சொல்லக் கூடாது.

"தர்ஷினி வரலியா?" என்று கேட்டாள்.

"சாவி எங்கிட்ட இருக்கு" என்றான், பாக்கெட்டைத் தட்டி.

கறுப்புப் பெட்டையைப் பைக்குள் வைக்கப் போனாள். அவன் அதைக் காலைப் பிடித்து வாங்கித் தலைகீழாகத் தூக்கிப் பார்த்தான். "இது ஒண்ணுதான் மிச்சமா? எட்டு மாசத்துக்குச் சம்பாத்தியமா?" என்று எங்களைப் பார்த்துச் சிரித்தான். சிலர் சிரித்தோம். அங்கேயே கழுத்தைத் திருகி வண்டிக்குள் எறிந்தான். "ராத்திரிக்கு ஆச்சு."

ஆறுச்சாமி அண்ணன் ஒரு அடி எடுத்து வைத்தார். பிறகு முட்டி வலி என்று திண்டில் உட்கார்ந்துவிட்டார்.

வண்டியில் ஏறும் முன் விசாலம் என் பக்கம் திரும்பினாள். அழவில்லை. ஒருவேளை மன்னிப்புக் கேட்கப் போகிறாள் என்று நினைத்தேன்.

"மாமா, அந்தச் சாம்பல் கோழிக்கு நல்லாத் தீனி போடுங்க. ஊர்க் கோழிய எல்லாம் தின்னுட்டு இப்ப என்னையும் தின்னுருக்கு. இன்னும் பசிக்கும்."

வண்டி வளைவில் இறங்கும் வரை டீச்சர் கையாட்டினார்.

ஜனவரி 24, சனி

அண்ணன் பின்கட்டு அறைக்குச் சுண்ணாம்பு அடித்துவிட்டார். உள்ளே நோண்டிப் பார்த்தாராம், சாம்பல் இறகு ஏதாவது கிடக்கிறதா என்று. கறுப்பு இறகுதான் கிடந்ததாம். என்னிடம் அதை இரண்டு தடவை சொன்னார்.

"கூட்டித் தள்ளியிருப்பாங்கண்ணா" என்றேன்.

"ஆமா. கூட்டித் தள்ளியிருப்பா" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "சுத்தக்காரி" என்றார்.

ஜனவரி 28, புதன்

டீச்சரின் தங்கை மேட்டுப்பாளையத்தில் இருக்கிறாள். விசாலத்தைக் குழாயடியில் பார்த்தாளாம். தலைமுடியை ஒட்ட வெட்டியிருக்கிறதாம், கத்திரி போட்ட மாதிரி இல்லை, அரிவாள் மாதிரி. கூப்பிட்டதற்குத் திரும்பவில்லையாம். பக்கத்தில் பிள்ளை நின்றதாம். அதற்கும் வெட்டியிருக்கிறதாம்.

குழுவில் நான்தான் பேச்சை எடுத்தேன். பேன் தொல்லையாக இருக்கும், கீழே வெயில் இல்லையா என்றேன். சிலர் கட்டைவிரல் போட்டார்கள். நிம்மதியாக இருந்திருக்கும் அவர்களுக்கு.

ரங்கம்மா தன் போனிலிருந்து குழுவை விட்டு விலகிவிட்டாள். சமையல் நடக்கிறது. பேச்சு இல்லை.

ஜனவரி 31, சனி

பனி விட்டது. தேயிலையில் புதுத் துளிர். ஒன்பது வீடும் சேர்ந்து குஞ்சு வாங்க முடிவாகியிருக்கிறது. அதற்குக் குப்பி வாங்க யார் போவது என்று அண்ணன் கேட்டார். நானே போகிறேன் என்றேன். சரி என்றார்கள். அனுபவசாலியை விட்டுவிட்டு வேறு யாரை அனுப்புவார்கள்?

முதல் பக்கத்தை நேற்று எழுதினேன். இன்று எல்லாவற்றையும் ஒரு தடவை வாசித்துப் பார்த்தேன். நன்றாகவே வந்திருக்கிறது. ஒரே ஒரு இடத்தில் கணக்கு உதைக்கிறது, பின்னால் அச்சுப் போடுகிறவர்கள் கண்ணில் படும் முன் நானே சொல்லிவிடுகிறேன். இருபத்திநாலாம் தேதி இடுப்புப் பிடிப்பு என்று எழுதியிருக்கிறேன். அது சரிதான். அன்று நான் சந்தைக்குப் போகவில்லை. சாம்பல் கோழி, சிவப்புத் துணி, முந்தானை, எல்லாம் நானாகப் போட்டது. மற்றபடி இதில் உள்ள ஒவ்வொரு வார்த்தையும் நடந்தது. அந்த ஒன்றிலும் பெரிய தப்பு இல்லை.

போயிருந்தால் பார்த்திருப்பேன்.